நெருப்பு வண்டிக்கு யார் காசு கட்டுவது?



வருமான வரிக் காலம் வந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. இந்த முறை பங்குனி மாதத்தில் ஒரு மாலை, எங்கள் வானொலியை நீண்ட காலமாகக் கேட்டுவரும் ஓர் அம்மா அழைத்தார். வரிப் படிவம் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். அவர் கேட்டது வேறு.

"தம்பி, 911க்கு அடிச்சு நெருப்பு வண்டி வந்தா, அதுக்கு எவ்வளவு கட்டவேணும்?"

விசாரித்தபோது கதை வெளியே வந்தது. முதல் நாள் வடை சுட்டுக்கொண்டிருக்கையில் தாச்சியில் இருந்த எண்ணெய் தீப்பற்றிவிட்டது. பேரன் ஓடிவந்து மூடியால் மூடி அடுப்பை நிறுத்தியிருக்கிறான். நல்ல பிள்ளை, தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் யன்னல் சீலை எரிந்து, அறை முழுக்கப் புகை. யாரும் 911ஐ அழைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "போன வருசம் இவரை அம்புலன்சில கொண்டுபோனதுக்கு 45 டொலர் துண்டு வந்தது. நெருப்பு வண்டி அதைவிடப் பெரிசு" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பேஸ்மென்ற்றில இருக்கிறம். வந்து பாத்தா வீட்டுக்காரருக்கும் கரைச்சல்" என்றும் சொன்னார்.

வீட்டில் நெருப்புப் பிடித்து நீங்கள் அழைத்தால் ரொறன்ரோ தீயணைப்புப் படை உங்களிடம் காசு கேட்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகக்கூடாது. ஆனால் கணக்காளன் மனம் அதோடு நிற்கவில்லை. அந்த அம்மாவிடம் கேட்கவில்லை என்றால், பிறகு யாரிடம் கேட்கிறார்கள்? இந்தச் செலவை யார் ஏற்கிறார்கள்? தேடிப் போனபோது இந்த நகரத்தின் இருநூறு ஆண்டுக் கதை ஒன்று கிடைத்தது. இம்மாத உரை அதைப் பற்றியது.

ஊரில் நெருப்பு என்றால் என்ன செய்வோம் என்பது என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். கிடுகால் வேய்ந்த குசினி, ஓலை வேலி, சித்திரை வெயில். ஒரு பொறி போதும். "நெருப்பு, நெருப்பு" என்ற குரல் கேட்டவுடன் அயலெல்லாம் ஓடிவரும். ஒருவர் துலாவில் அள்ள, வாளியும் குடமும் கைமாறிக் கைமாறிப் போகும். இரண்டு இளந்தாரிகள் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி, நெருப்பு அங்கே தாவாதபடி கிடுகுகளைப் பிடுங்கி எறிவார்கள். யாரும் யாருக்கும் துண்டு அனுப்பவில்லை. வேலியால் கோபதாபம் உள்ளவனும் அன்றைக்கு வாளியோடு நிற்பான்.

பிறகு நாங்கள் பார்த்த நெருப்புகள் வேறு விதமானவை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு வைக்கப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 வரையான நூல்களோடு எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நெருப்பு வந்தால் அயலவரைக் கூப்பிடலாம், அரசாங்கத்தைக் கூப்பிடுவதில்லை என்ற பழக்கம் எங்கள் தலைமுறையின் எலும்புக்குள் இறங்கிவிட்டது. அந்த அம்மாவின் தயக்கத்தில் 45 டொலர் மட்டும் இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் நாங்கள் வந்து சேர்ந்த இந்த நகரமும் எங்கள் ஊரைப் போலத்தான் தொடங்கியது. அப்போது இதன் பெயர் யோர்க். மரத்தால் கட்டிய வீடுகள், விறகு அடுப்புகள், நீண்ட குளிர்காலம். தீயணைப்புப் படை என்று ஒன்று இல்லை. வீட்டுக்காரர் வாளியும் ஏணியும் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. மணி அடித்தால் எல்லோரும் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். துலா மட்டும்தான் இல்லை.

1826ஆம் ஆண்டு யோர்க்கில் முதலாவது தொண்டர் தீயணைப்புக் குழு அமைந்தது. கடைக்காரர், தச்சர், கொல்லர், எழுதுவினைஞர் என்று பகலில் வேறு தொழில் பார்த்தவர்கள், மணிச் சத்தம் கேட்டால் கைப்பம்பு பொருத்திய வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பம்பின் இரு பக்கமும் ஆட்கள் நின்று மாறி மாறி அழுத்த வேண்டும். சில நிமிடத்திலேயே தோள் கழன்றுவிடும். அடுத்த தொகுதி ஆட்கள் கைமாற்றுவார்கள். இன்னொரு குழுவுக்குக் கொக்கி ஏணிக் குழு என்று பெயர். நீண்ட கழிகளில் பூட்டிய கொக்கிகளால் எரியும் கூரையையும் சுவரையும் இழுத்து விழுத்தி, நெருப்புப் பரவாமல் தடுப்பது அவர்கள் வேலை. எங்கள் இளந்தாரிகள் கிடுகைப் பிடுங்கி எறிந்ததும் இதே தந்திரம்தான்.

1834இல் யோர்க், ரொறன்ரோ என்ற பெயரோடு நகரமானது. தொண்டர் குழுக்களின் எண்ணிக்கையும் கூடியது. இவர்களுக்குச் சம்பளம் இல்லை. கைம்மாறாக ஜூரிக் கடமை, மக்கள் படைப் பயிற்சி போன்றவற்றிலிருந்து விலக்கு உண்டு. காசு வேறு ஓர் இடத்தில் புழங்கியது. குழாய்த் தண்ணீர் போதாத காலம். வண்டில்காரர்கள் பீப்பாய்களில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். முதலில் வந்து சேரும் வண்டில்காரருக்கு நகரசபை பரிசுப் பணம் கொடுத்தது. ஆபத்து நேரத்தில் ஓடிவர வைக்க மனிதர் கண்டுபிடித்த பழைய வழிகளில் இதுவும் ஒன்று.

தொண்டு என்றால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1848இல் வில்லியம் தோர்ன்ரன் என்ற தொண்டர் உயிரிழந்தார். கடமையில் மாண்டதாகப் பதிவாகியுள்ள முதலாவது ரொறன்ரோ தீயணைப்பாளர் இவர். அடுத்த ஆண்டு, 1849 ஏப்ரல் 7ஆம் திகதி, நகரின் நடுப்பகுதியைப் பெருந்தீ விழுங்கியது. சென் ஜேம்ஸ் தேவாலயமும் சந்தைக் கட்டடமும் அதைச் சுற்றியிருந்த கடைத்தெருவும் சாம்பலாயின. கைப்பம்பும் பீப்பாய்த் தண்ணீரும் வளர்ந்துவரும் நகரத்துக்குப் போதாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இந்தக் கதையில் நாங்கள் கூச்சத்தோடு கேட்க வேண்டிய ஒரு பகுதியும் உண்டு. தொண்டர் குழுக்கள் நாளடைவில் கழகங்கள் போல ஆகின. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிப் பெருமை, தனி ஆட்கள். முதலில் போய்ச் சேருவது யார் என்ற போட்டி. 1855 ஜூன் 29ஆம் திகதி சேர்ச் வீதியில் நெருப்பு. இரண்டு குழுக்கள் வந்தன. வந்த இடத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. விலக்கப் போன பொலிஸ்காரருக்கும் அடி விழுந்தது.

இரண்டு கிழமை கழித்து, ஜூலையில், வெளியூர் சர்க்கஸ் ஒன்று நகருக்கு வந்திருந்தது. சர்க்கஸ் கோமாளிகளுக்கும் கொக்கி ஏணிக் குழுவினருக்கும் இரவில் ஒரு விடுதியில் கைகலப்பு. அதில் தீயணைப்பாளர்கள் அடிவாங்கிப் போனார்கள். அடுத்த நாள் பெரும் கூட்டமாகத் திரண்டு வந்து சர்க்கஸ் கூடாரங்களைச் சாய்த்து, வண்டிகளையும் கொளுத்தினார்கள். நெருப்பை அணைக்கச் சேர்ந்த ஆட்கள் நெருப்பு வைத்தார்கள். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. விசாரணையில் சாட்சி சொல்ல வந்த பொலிஸ்காரருக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. தீயணைப்பாளரும் பொலிஸ்காரரும் பெரும்பாலும் ஒரே ஒரேஞ்ச் சங்கத்து ஆட்கள். இப்படியான சம்பவங்கள் சேர்ந்து, 1859இல் நகரப் பொலிஸ் படை முழுவதையும் கலைத்துவிட்டுப் புதிதாக அமைத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் சமூக அமைப்புகள் சிலவற்றின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். ஊர்ச் சங்கம் இரண்டாவதும், பழைய மாணவர் சங்கம் மூன்றாவதும் எனக்குத் தெரியும். ஒரே துயருக்கு உதவ வந்த இரண்டு குழுக்கள், யார் முதலில் வந்தது என்று அடிபட்டதையும் பார்த்திருக்கிறேன். தொண்டு செய்கிறோம் என்ற எண்ணம், எங்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்ற எண்ணமாக மாறுவதற்கு அதிக நாள் எடுப்பதில்லை. சேர்ச் வீதியில் அன்று வீடு எரிந்தது யாருடையதோ, அவருக்கு இரண்டு குழு வந்தும் பயனில்லை.

ரொறன்ரோ பாடம் கற்றது. 1860களில் நீராவிப் பம்புகள் வந்தன. அவற்றை இயக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், இழுக்கக் குதிரைகள் வேண்டும். ஐம்பது பேரின் தோள்வலிமையை ஒரு கொதிகலன் செய்துவிட்டது. 1874இல் நகரம் முழுநேரச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்து, தீயணைப்பைத் தொண்டிலிருந்து தொழிலாக மாற்றியது. அந்த அம்மாவின் கேள்விக்கு முதல் பதில் இங்கே இருக்கிறது. அன்று முதல் இந்தச் செலவு நகரின் பொதுக் கணக்குக்குள் வந்தது.

சம்பளப் படைக்கும் பெரிய சோதனை வந்தது. 1904 ஏப்ரல் 19ஆம் திகதி இரவு 8 மணியளவில் வெலிங்டன் வீதியில் கழுத்துப்பட்டி செய்யும் தொழிற்சாலைக் கட்டடத்தில் பிடித்த நெருப்பு, விடியும்வரை எரிந்து நூறு கட்டடங்கள் வரை அழித்தது. நட்டம் 1 கோடி டொலருக்கு மேல். 5,000 பேர் வேலை இழந்தார்கள். ஹமில்ரனிலிருந்தும் எல்லை தாண்டி பஃபலோவிலிருந்தும் படையினர் உதவிக்கு வந்தார்கள். அந்த இரவு முதல் அபாய அறிவிப்பு வந்தது வீதியில் இருந்த 12ஆம் இலக்கப் பெட்டியிலிருந்து. இன்றும் ரொறன்ரோவில் பெரிய தீ விபத்து நடந்தால், படையினருக்குச் சூடான குடிபானமும் உணவும் கொண்டு ஒரு வண்டி வரும். அதை நடத்துவது பொக்ஸ் 12 சங்கம். அந்தப் பெட்டியின் இலக்கமே சங்கத்தின் பெயர். அதில் உள்ளவர்கள் தொண்டர்கள்.

நகரத்துக்குள் 1874இல் தொண்டர் காலம் முடிந்தாலும் நகரத்தைச் சுற்றி முடியவில்லை. இன்று ரொறன்ரோ என்று நாங்கள் சொல்லும் நிலப்பரப்பின் பெரும்பகுதி அப்போது பண்ணையும் கிராமமும். அந்த ஊர்கள் தங்கள் தங்கள் படைகளை வைத்திருந்தன. அவற்றுள் ஒன்று, எற்றோபிக்கோவில் இருந்த கிங்ஸ்வே-லாம்ப்டன் தொண்டர் தீயணைப்புப் படை.

1954 ஒக்ரோபர் 15, வெள்ளிக்கிழமை. அற்லாண்டிக் கடலோரமாக வந்த ஹேசல் சூறாவளி உள்நாட்டுக்குள் புகுந்து ரொறன்ரோ மீது மழையாகக் கொட்டியது. ஏற்கெனவே ஊறிப்போயிருந்த நிலம் ஒரு துளியையும் உறிஞ்சவில்லை. ஹம்பர் ஆறு இரவோடு இரவாகக் கரை புரண்டது. ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் வீடுகளோடு 35 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஒன்ராறியோ முழுவதிலும் இறந்தவர்கள் 81 பேர்.

அந்த இரவு, ஹம்பர் வெள்ளத்தில் அகப்பட்டவர்களைக் காப்பாற்றக் கிங்ஸ்வே-லாம்ப்டன் தொண்டர்கள் தங்கள் வண்டியில் புறப்பட்டார்கள். வெள்ளம் வண்டியையே புரட்டி இழுத்தது. ஐந்து பேர் திரும்பி வரவில்லை. கிளாரன்ஸ் கொலின்ஸ், பிராங்க் மேர்சர், ரோய் ஒலிவர், டேவிட் பால்மற்றியர், அங்கஸ் ஸ்மோல். பெயர்களை வானொலியில் வாசித்தபோது நான் நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தேன். சம்பளத்துக்காகப் போனவர்கள் அல்லர். அவர்கள் ஊரின் ஆறு பெருகியது. அவர்கள் போனார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு அரசு ஒரு முடிவு எடுத்தது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இனி வீடு கட்ட விடுவதில்லை. 1957இல் ரொறன்ரோப் பிராந்தியத்துக்கான நீர்நிலப் பாதுகாப்பு அதிகாரசபை அமைந்து, வெள்ளம் பாயும் நிலங்கள் பொதுச் சொத்தாக்கப்பட்டன. ரேமோர் டிரைவின் வீடுகள் நின்ற இடம் இன்று பூங்கா. கோடையில் ஊர்ச் சங்க ஒன்றுகூடல்களை நாங்கள் நடத்தும் ஆற்றோரப் பூங்காக்கள் பல வீடு முளைக்காமல் பச்சையாக இருப்பதற்கு ஹேசல் பெரிய காரணம். நாங்கள் ஆட்டுக்கறி சமைத்துக் கயிறிழுக்கும் அந்தப் புல்தரைகளின் விலையை யாரோ கட்டியிருக்கிறார்கள்.

1998இல் ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், யோர்க், ஈஸ்ட் யோர்க், எற்றோபிக்கோ ஆகிய ஆறு தீயணைப்புப் படைகளும் ஒன்றாகி இன்றைய ரொறன்ரோ தீயணைப்புச் சேவை உருவானது. நகருக்குள் இப்போது நெருப்பை அணைப்பவர்கள் எல்லோரும் சம்பளத் தொழிலாளர்கள். ஆனால் நகரை விட்டு ஒரு மணித்தியாலம் காரில் போனால் கதை மாறிவிடும். கனடாவின் தீயணைப்பாளர்களில் பெரும்பான்மையோர் இன்றும் தொண்டர்களே. பாடசாலை ஆசிரியர், மெக்கானிக், விவசாயி என்று ஒவ்வொருவரும் இடுப்பில் அழைப்புக் கருவியோடு தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். அது கூவினால் போட்டது போட்டபடி ஓடுகிறார்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு குடிலுக்குப் போகிறோமே, அங்கே நெருப்புப் பிடித்தால் வரப்போவது அநேகமாக இவர்கள்தான்.

2011 மார்ச் 17ஆம் திகதி, ஒன்ராறியோவின் லிஸ்ரவல் ஊரில் கடையொன்றின் கூரை இடிந்து இரண்டு தொண்டர் தீயணைப்பாளர்கள் மாண்டார்கள். 2013 ஜூலை 6ஆம் திகதி கியூபெக்கின் லக் மெகான்ரிக்கில் எண்ணெய் ஏற்றிய ரயில் தடம்புரண்டு வெடித்து 47 பேர் இறந்தபோது, முதலில் அந்த நெருப்புக்கு முன்னால் நின்றது அந்தச் சிறிய ஊரின் படை. தங்கள் அயலவர்கள் எரிந்துகொண்டிருந்த தெருவுக்குள் அவர்கள் போனார்கள்.

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் கொண்டுவர அனுமதியுங்கள். 2011ஆம் வரியாண்டு முதல் மத்திய அரசு தொண்டர் தீயணைப்பாளருக்கு ஒரு வரிச் சலுகை தருகிறது. ஆண்டில் 200 மணித்தியாலமாவது சேவை செய்திருக்க வேண்டும். தொடக்கத்தில் 3,000 டொலராக இருந்த தொகை 2024 முதல் 6,000 ஆனது. 2024இன் 15 வீதக் கணக்கில் அது 900 டொலர். கையில் காசாக வராது, கட்டவேண்டிய வரியில் கழியும். 900ஐ 200ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 4 டொலர் 50 சதம். சில ஊர்கள் அழைப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் கொடுப்பதுண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும், நடு இரவில் பனியில் எழுந்து எரியும் கட்டடத்துக்குள் நுழைவதற்கு அது கூலி ஆகாது. கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாத ஒரு வரவு அங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1855இன் தொண்டருக்கும் இன்றைய தொண்டருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இன்றைய தொண்டருக்குப் பயிற்சி உண்டு, பதிவேடு உண்டு, கட்டளை வரிசை உண்டு. 2022இல் ஒன்ராறியோ கொண்டுவந்த விதி, சம்பளக்காரரோ தொண்டரோ, தாம் செய்யும் பணிக்குரிய சான்றிதழைப் பெற வேண்டும் என்கிறது. நல்ல மனம் மட்டும் போதாது, செய்யத் தெரிந்திருக்கவும் வேண்டும், பதில் சொல்லவும் வேண்டும் என்பதே இதன் பொருள். எங்கள் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் நான் சொல்ல முயன்று, பாதியில் நிறுத்தப்பட்ட பேச்சும் இதுதான்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நெருப்பு வண்டிக்கு யார் காசு கட்டுவது? அம்மா, நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மாநகரசபை வீட்டுக்காரரிடம் சொத்துவரி வாங்குகிறது. வீட்டுக்காரர் அதை உங்கள் வாடகைக்குள் வைத்து வாங்குகிறார். ஆகவே அந்தச் சிவப்பு வண்டியில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மிச்சத்தை வாளி வரிசையில் நின்றவர்களும், தோர்ன்ரனும், ஹம்பர் கரையில் போன ஐந்து பேரும் உங்களுக்கு முன்பே கட்டிவிட்டார்கள். பேஸ்மென்ற்றில் குறை இருந்தால் திருத்தச் சொல்லுவார்கள். திருத்துவது வீட்டுக்காரரின் கடமை. உயிர் போனால் திருத்த முடியாது.

எங்கள் இளையவர்களுக்கும் ஒரு சொல். நகரை விட்டு வெளியே சிறிய ஊர்களில் வீடு வாங்கிப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது பெருகிவருகின்றன. அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் வாசலில் தொண்டர் தேவை என்ற அறிவிப்பைக் கண்டால் கடந்து போகாதீர்கள். உள்ளே போய் ஒரு முறை விசாரியுங்கள். உங்கள் பாட்டனார் துலாவில் நின்றவர்.

இதையெல்லாம் அந்த அம்மாவுக்குச் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். "அப்ப அடிக்கலாம் எண்டுறியள்" என்றார். "கட்டாயம் அடியுங்கோ அம்மா. முதல்ல எல்லாரும் வெளியில வாங்கோ, பிறகு அடியுங்கோ" என்றேன். பிறகு ஏதோ தோன்றி, "புகை மணி ஏன் அடிக்கேல்லை?" என்று கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பொரிக்கிற நேரமெல்லாம் கத்துது தம்பி. பட்டரியைக் கழட்டி லாச்சிக்குள்ள வைச்சிருக்கிறன்."

ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு மாடியிலும், படுக்கும் அறைகளுக்கு வெளியேயும், இயங்கும் புகை மணி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் செயலிழக்கச் செய்வதும் குற்றம். ஆனால் நான் அவரிடம் சட்டம் பேசவில்லை. தொலைபேசியை வைக்காமல் இருக்கிறேன், இப்போதே பேரனைக் கூப்பிட்டுப் பட்டரியைப் போடச் சொல்லுங்கள் என்றேன். கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூர்மையான 'பீப்'.

இந்த உரையை வாசித்து முடித்ததும் நீங்களும் எழுந்து போய் உங்கள் வீட்டு மணியை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.